நானூற்றுப் பதிமூன்றா, நானூற்றுப் பதினான்கா?

சட்டத்தைச் சாமானியருக்குப் புரியும்படி சொன்னவரே, சண்டையோடு வந்தவர்களைச் சமமாய் அமர்த்தியவரே, முன்சீபாகத் தொடங்கி மாவட்ட நீதிபதியாக நிறைவுபெற்று, அதன்பின்னும் ஓயாமல் பத்தாண்டுகள் எங்கள் சமரச மையத்தில் சமரசராய் வீற்றிருந்த மாண்புமிகு அமுதவல்லி அம்மையார் அவர்களே, வணக்கம்.

விடைகொடுக்கும் மடலில் ஓர் எண் இருக்க வேண்டும் என்பது வழக்கம். தங்கள் முன்னிலையில் தீர்ந்த வழக்குகள் எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்தோம். நானூற்றுப் பதிமூன்று. அதை எழுதிய பிறகுதான் எங்களுக்குக் குழப்பம் வந்தது. அது இன்னும் தெளியவில்லை. தெளியாத மனத்தோடேயே பாராட்டுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

விழாவுக்கு வந்திருக்கும் உற்றாருக்காக ஒன்றை விளக்கிவிடுகிறோம். நீதிமன்றத்தில் சொல்வதெல்லாம் ஏட்டில் ஏறும். சமரச அறையில் சொல்வது எதுவும் ஏறாது. அங்கே ஒருவர் ஒப்புக்கொண்டதை நாளை அவருக்கு எதிராகக் காட்ட முடியாது. அமர்வு முடிந்ததும் தங்கள் குறிப்புகளைத் தாங்களே கிழித்து, உதவியாளர் மாதுவின் கூடையில் போடுவீர்கள். வெளியே வருவது ஒரே ஒரு படிவம். அதில் இரண்டே கட்டம்: தீர்ந்தது, தீரவில்லை. ஆகவே, கதவுக்கு வெளியே இருந்த நாங்கள் தங்கள் திறமையைப் பற்றி அறிந்ததெல்லாம், மாது எத்தனை முறை தேநீர் கொண்டுபோனார் என்பதுதான்.

மாரண்டஹள்ளிப் பக்கத்து வண்டித்தட வழக்கை மட்டும், இரு குடும்பத்தாரும் சம்மதித்ததால், அவர்கள் சொன்னபடியே சொல்கிறோம்.

நஞ்சப்பன் வயல் வழியாகப் பெரியண்ணன் வீட்டுக்குத் தடம் உண்டு என்று 1998இல் தீர்ப்பெழுதியவர் தாங்கள்தான். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் மறுநாளே நஞ்சப்பன், “ஜெயிச்சவரு அந்தப் பேப்பர் மேலயே நடந்து போவட்டும்” என்றாராம். ரோஷப்பட்ட பெரியண்ணன் அன்று முதல் ஏரிக்கரையைச் சுற்றியே போனார். நஞ்சப்பனும் பத்தடி அகலமுள்ள அந்தத் தடத்தில் ஏர் பூட்டவில்லை. வென்றவர் நடக்கவில்லை, தோற்றவர் உழவில்லை. தடம் முழுக்க முள் மண்டியது.

இப்போது பெரியண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள் தருமபுரியில் டயாலிசிஸ். கார் சாலையோடு நின்றுவிடும். மகனும் மருமகள் பாஞ்சாலியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, ஏரிக்கரையில் முக்கால் கிலோமீட்டர் தூக்கிவர வேண்டியிருந்தது. போன ஐப்பசி மழையில் கரை வழுக்கி, இரண்டு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. தடத்தைத் திறக்கக் கேட்டு அக்குடும்பம் வழக்குப் போட்டது. இருபது ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத பாதையுரிமை அற்றுப்போகும் என்று சட்டத்தில் இருக்கிறது. நஞ்சப்பன் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது.

வழக்கு நம்மிடம் வந்த முதல் நாளே, பழைய தீர்ப்பு தங்களுடையது என்பதைச் சொல்லி, வேறு சமரசரிடம் போகலாம் என்றீர்கள். “உங்க தீர்ப்புதானுங்களே, நீங்களே பாருங்க” என்று இருவரும் எழுதிக்கொடுத்தார்கள்.

அறைக்குள் தாங்கள் கேட்டது ஒரே கேள்வி என்கிறார் பாஞ்சாலி. “அந்தத் தடத்துல கடைசியா போனது யாருங்க?”

பாஞ்சாலி வாய் திறக்குமுன் பெரியண்ணன் சொன்னார்: “பொய் சொல்லிட்டுப் போயி அந்த மிஷின்ல படுக்கணுமாங்க? தீர்ப்பு வந்ததுலேருந்து எங்க வூட்ல யாரும் போவலீங்க.” தன் உரிமையைத் தானே அழித்த பேச்சு அது.

நஞ்சப்பன், “போனாருங்க. பதினோரு வருசம் முன்னால எங்க மாட்டுக் கொட்டாய் பத்திக்கிச்சு. ரெண்டு கையிலும் குடத்தோட முள்ளுக்குள்ள பூந்து, அந்தத் தடத்துலதான் வந்தாரு” என்றார். இது அவர் தன் வழக்கைத் தானே அழித்த பேச்சு.

“அது போனதாங்க? ஓடுனது” என்றார் பெரியண்ணன்.

“ஓடுனாலும் கால்லதானய்யா ஓடுன” என்றார் நஞ்சப்பன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டதும், எங்கள் தட்டச்சர் மலர்விழி ‘தீர்ந்தது’ என்று படிவத்தை அடித்துவிட்டார். அங்கேதான் தவறினோம். ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது, “நான் வுட்டுக்குடுத்தேன்னு எழுதக் கூடாது” என்றார் ஒருவர். “நான் கேட்டு வாங்குனேன்னு எழுதக் கூடாது” என்றார் மற்றவர். ஆறு வரைவு எழுதினீர்கள். ஆறிலும் கையெழுத்து விழவில்லை. காலக்கெடு முடிந்த அன்று மலர்விழியின் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ‘தீரவில்லை’ என்று குறித்து, வழக்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினீர்கள்.

நான்காம் நாள் நஞ்சப்பன் ஜேசிபி வைத்து முள்ளையெல்லாம் வாரிப்போட்டு மண் கொட்டினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கார் பெரியண்ணன் வாசலில் போய் நின்றது.

“அம்மா, தடம் தொறந்தாச்சுங்க. உங்க கடைசிக் கேஸு. தீர்ந்ததுன்னு திருத்திடலாமுங்களா?” என்று மலர்விழி ஓடிவந்து கேட்டார்.

“கையெழுத்து இல்லைங்கம்மா” என்றீர்கள். “நாம கேள்விப்பட்டத எழுதற எடம் இல்ல அது. அவங்க ஒத்துக்கிட்டத எழுதற எடம்.”

எங்கள் குழப்பம் இதுதான். தீர்ப்பு இருந்த காலமெல்லாம் தடம் இல்லை. ஒப்பந்தம் இல்லாத இப்போது தடம் இருக்கிறது. இது எப்படி வேலை செய்தது என்று மூன்று வாரமாய்ப் பிரித்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே புரிகிறது, சேர்த்தால் புரியவில்லை. இம்மடலில் அவர்கள் கதையைச் சொல்லலாமா என்று சம்மதச் சீட்டை நீட்டியபோது, இரு பெரியவர்களும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். அந்தச் சீட்டை எந்தக் கோப்பில் வைப்பது என்றும் தெரியவில்லை.

மற்றவற்றில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. அரூர் சட்ட உதவி முகாமில் மனுவின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று மனுதாரருக்கு விளக்கியதையும், பொம்மிடி முகாம் முடிந்து ரயில் வரும்வரை நடைமேடையிலேயே ஒரு விதவைத் தாய்க்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள்.

வண்டித்தட வழக்கு வரும் பதினெட்டாம் தேதி விசாரணைக்கு இருக்கிறது. நஞ்சப்பனும் பாஞ்சாலியும் இங்கே வந்திருக்கிறார்கள். பெரியண்ணனால் வர இயலவில்லை. இன்று வியாழன், அவருக்கு டயாலிசிஸ் நாள்.

நல்ல உடலும் நல்ல உறக்கமும், யார் சண்டைக்கும் நடுவில் உட்கார வேண்டாத நீண்ட மாலைகளும் தங்களுக்கு வாய்க்கட்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் இம்மடலில் எண் நானூற்றுப் பதிமூன்று என்றே இருக்கும். தாங்கள் கற்றுத்தந்த முறைப்படி அதுதான் சரி. இதை வாசித்து முடிக்கும்போது மணி ஐந்தாகியிருக்கும். பெரியண்ணன் வரும் கார் சாலையை விட்டு இறங்கி, நஞ்சப்பன் வயலுக்குள் திரும்பியிருக்கும்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
சமரச மையப் பணியாளர்கள்