வெந்நீரில் தெரியும் விரிசல்

முதலில் டீயைக் குடி, ஆறிப்போகிறது. பழைய பேனாவில் விரிசல் இருக்கிறதா என்று வெந்நீரில்தான் பார்க்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தினால் ஒன்றும் தெரியாது. சூடு பட்டால்தான் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, குமிழி குமிழியாக வெளியே வரும். நீ பேனாவைக் கொண்டுபோன கடைக்காரரும் அப்படித்தான் கண்டுபிடித்திருப்பார். கெட்டிக்காரர்.

அது எங்கள் அப்பாவுடையது. பேனாவின் உடலுக்குள்ளேயே மை ஊற்றுகிற பழைய வகை. அப்பாவுக்கு நடுக்கம் வந்தபோது முதலில் தெரிந்தது விரல்களில் மைக்கறைதான். எழுதும்போது கை உதறி மை தெறித்தது. பிறகு கரண்டி பிடிக்க முடியவில்லை, பிறகு பேச்சு போனது. கடைசிவரை நான்தான் ஊட்டினேன். தம்பி தட்டைப் பார்க்க மாட்டான், அவர் கையையே பார்ப்பான்.

அந்தப் பேனாவால்தான் அவன் பல்கலைக்கழகச் சான்றிதழ்களில் பெயர் எழுதினான். பக்கத்து மேஜையில் இருந்த உனக்குத் தெரியாததா? ஒருநாள் நீல விரல்களோடு வந்தான்.

"சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிட்டு வரியான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா, அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?"

பேனாவை வாங்கிப் பார்த்தேன். திருகி மூடும் மரைக்குப் பக்கத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். பல்குத்தும் குச்சியால் அழுக்கை எடுத்துவிட்டு, பசையை ஊசிமுனையில் தொட்டு வைத்தால் அது தானாக உள்ளே ஓடும். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் இருந்த இடம் தெரியாது. செய்தேன். சொல்வதற்காகத்தான் அவன் அறைக்குப் போனேன்.

விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது, நீதான். அவன் எடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் இங்கயே இரு அக்கா," என்றான். நீங்கள் இருவரும் கல்யாணம் முடிந்து வேறு ஊருக்குப் போகப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து, அவன் என்னை இருக்கச் சொன்னதே இல்லை.

"பேனாவுல ஒண்ணும் இல்லடா," என்றேன்.

காலையில் ஊசியால் விரிசலைத் திறந்துவிட்டேன். கொஞ்சம்தான். மேஜைமேல் கிடந்தால் ஒழுகாது. கைச்சூட்டில் சற்றுநேரம் இருந்தால் கசியும். "நீயே பாரு, ஒரு சொட்டு வருதா?" என்று அவன் கண்முன்னால் வெள்ளைத்தாளில் உதறிக் காட்டுவேன். வராது. விரிசல் பெரிதானால் அடைப்பேன், அடைபட்டால் திறப்பேன். அவனுக்காக அவ்வளவு பொறுமை வேறு யாருக்கு வரும்?

வேறு பேனாவிலும் எழுதிப் பார்த்தான். கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் யார் கையும் கொஞ்சம் ஆடும். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். "அப்பாவுக்கும் மொதல்ல அப்படித்தான்டா சொன்னாங்க," என்று நினைவுபடுத்தினேன். அதில் பொய் இல்லை.

வேலையை அவனேதான் விட்டான். உன்னை வேண்டாம் என்றதும் அவனேதான். "அவளாவது நல்லா இருக்கட்டும்க்கா," என்றான். எனக்கும் கண் கலங்கியது. அதைச் சொல்ல வந்தபோது பேனாவை உன்னிடம் கொடுத்துவிட்டு வந்தது மட்டும் எனக்குத் தெரியாது.

ஆமாம், திறந்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான். அவனிடம் சொல்ல வேண்டுமானால் தாராளமாகச் சொல், உள்ளே அப்பாவின் நாற்காலியில்தான் இருக்கிறான். பேனாவையும் கையில் கொடுத்துப் பார். கடைக்காரர் நன்றாக அடைத்திருக்கிறார், இனி ஒழுகாது. ஆனால் அவனால் மூடியைத் திருக முடியாது. கை அப்படி ஆடுகிறது. சாப்பாடும் நான்தான் ஊட்டுகிறேன்.

நல்லவேளை, நீங்கள் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துபோயிற்று. தெரியாத ஊரில் போய் இப்படி வந்திருந்தால், பாவம், அவனை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?