அடுப்போரத்து நாற்காலி

என் பெயர் குவாக் ஒக்புன். வயது எழுபத்து நான்கு. காலஞ்சென்ற சோ தல்சுவின் மனைவி. பூசான் நகரம் சாசாங் பகுதியில், ரயில் பாலத்துக்குப் பின்னால் உள்ள வீட்டின் மாடியில் தனியாக வசிக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். தாக் கும்சுன் என்பவர், தனக்கு வந்துள்ள இரத்தப் புற்றுநோய் காலணித் தொழிற்சாலையில் சுவாசித்த பசை, தின்னர் என்னும் கரைப்பான் இவற்றின் ஆவியால் வந்தது என்று இழப்பீடு கேட்டுத் தொடுத்துள்ள வழக்கில் சாட்சி சொல்கிறேன். அவர் எனக்கு உறவில்லை. தோழியும் இல்லை.

கல்யாணத்துக்கு முன் நான் அந்தத் தொழிற்சாலையில் பசை மேசையில் வேலை பார்த்தேன். செருப்பு அடிப்பாகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, தூரிகையால் பசை தடவி, ஓடும் பட்டையில் வைப்போம். அதன் பிறகு அது உலர்த்தும் அடுப்புக்குள் போய் மறுபக்கம் வரும். அடுப்பின் வாயருகே ஒரே ஒரு நாற்காலி இருந்தது. தள்ளுவண்டி போய்வர வாசல் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். குளிர்காலத்தில் ஆற்றுக்காற்று நேராக உள்ளே வரும். நான் கதவோரம் உட்கார்ந்தேன். விரல்கள் வீங்கி வெடித்துத் தூரிகையில் ரத்தம் ஒட்டும். அடுப்போரத்து நாற்காலிக்கு ஏங்காதவள் அங்கே யாருமில்லை.

அந்த நாற்காலி வேலையில் மூத்தவளுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம். அதில் இருந்தவள் கல்யாணமாகிப் போனதும் அடுத்து நான்தான். அடுத்த திங்கட்கிழமை காலை நான் என் உட்காரும் மெத்தையை எடுத்துக்கொண்டு போனபோது, எனக்குப் பிறகு சேர்ந்த மேற்படி கும்சுன் அதில் உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர் நாம் கிதேக்கிடம் போய்க் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு குளிர் ஒத்துக்காது. நீ கெட்டியான ஆளு."

என்றார். அவளுக்கு அப்போது கன்னம் சிவந்த அழகு. எனக்கு அது கிடையாது. அவர் எதைப் பார்த்து அவளுக்கு இடம் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு அவள் வேலையை விட்டுப் போகும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தாள். அடுப்பின் மேல் சோற்று டப்பாவை வைத்து மதியம் சூடாகச் சாப்பிடுவாள். "அக்கா, உன் டப்பாவையும் குடு, வைக்கிறேன்" என்று கூப்பிடுவாள். நான் கொடுத்ததில்லை. பனிக்கட்டி மாதிரிச் சோற்றையே தின்றேன். அடுப்பு வாயிலிருந்து சூடாகப் புறப்படும் பசை நெடி முதலில் அவள் முகத்தில்தான் அடிக்கும். சாயங்காலமானால் காரணமில்லாமல் சிரிப்பாள். எழுந்தால் தள்ளாடுவாள். "பகல்லயே போட்டுட்டு வந்திருக்கா பாருங்கடி" என்று நாங்கள் கேலி செய்வோம். மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் தின்னர்த் துணியாலேயே துடைத்துக்கொள்வாள். அவள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் நாற்காலி போய்விடும், நான் அடுத்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

தொழிற்சாலை மூடி வெகுகாலமாகிறது. சென்ற இலையுதிர்காலத்தில் மேற்படி கும்சுன் என் வீட்டுக்கு வந்தாள். தலையில் முடி இல்லை, துணி கட்டியிருந்தாள். அவளுடைய மருமகள் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிக் கூட்டி வந்தாள். என் மருமகள் பண்டிகைக்குக்கூட இந்தப் படி ஏறியதில்லை.

"என்னக்கா, உள்ள வான்னு சொல்ல மாட்டியா?"

"கதவு தொறந்துதானே கெடக்கு. இப்பவும் ஆள் வச்சுத்தான் நடக்கற போல."

"என் மேல எரிச்சல் இன்னும் தீரலையா உனக்கு?"

"எதுக்குத் தீரணும்?"

"தீர வேணாம். அத நம்பித்தான் வந்தேன். நான் அடுப்புப் பக்கமே இல்ல, செருப்ப மூட்டை கட்டுற பக்கம் இருந்தேன்னு கிதேக் கோர்ட்டுல சொல்லிட்டான். அடுப்போரத்து நாற்காலி மூத்தவங்களுக்குத்தான், புதுசா வந்தவளுக்கு ஏதுன்னு கேக்குறான். கூட இருந்தவளுங்க ஒருத்திக்கும் ஞாபகமில்ல. நீதான் நாள் பூரா என்னையே மொறைச்சுக்கிட்டு இருந்த. நீ சொல்லலைன்னா காசு வராது, மருந்தை நிறுத்திடணும்க்கா."

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கொண்டுவந்த பேரிக்காய்களைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

அதன் பிறகு நீதிமன்ற அழைப்பு வந்ததால் வந்துள்ளேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், மூத்தவளுக்கு இடம் என்ற வழக்கம் இருந்தது உண்மைதானே என்று கேட்டார். உண்மை என்றேன். அப்படியானால் அந்த நாற்காலி முறைப்படி யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். அப்படியென்றால் நீங்கள்தானே அதில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். அதைத்தானய்யா நான் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னை மீறி அவளுக்குக் கொடுத்தார்கள். எதிரே நின்ற கிதேக் தரையைப் பார்த்தார்.

பழைய தோழிக்காக இப்படிச் சொல்கிறீர்களா என்ற கேள்விக்கு, எந்தத் தோழி என்று கேட்டேன். எனக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. அதற்குக் கதவோரக் காற்றே காரணமாக இருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதற்காகக் கும்சுனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை. என் நலத்தை எண்ணி அவள் அங்கே உட்காரவில்லை.

இதை எழுத்தர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் இல்லை. என்னை மீறி அவளுக்குக் கொடுத்தார்கள் என்ற வரியை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைரேகை வைக்கிறேன். இந்த வாக்குமூலத்தால் அவளுக்கு இழப்பீடு கிடைக்குமானால் கிடைக்கட்டும். அதனால் எனக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை.

(இடது பெருவிரல் ரேகை)
குவாக் ஒக்புன்