தரையில் கிடந்தது தண்ணீர் அல்ல

நான் மேற்கண்ட முகவரியில் என் அக்கா குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எனக்கு வயது முப்பத்தாறு. இரசாயனத் தொழிற்சாலையின் வடிப்புப் பிரிவில் ஆபரேட்டராக இருக்கிறேன். அக்காவின் கணவர் அதே பிரிவில் மேற்பார்வையாளர். அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

நாங்கள் தயாரிப்பது புரோமோகுளோரோமீத்தேன். டைகுளோரோமீத்தேனுடன் புரோமினும் அலுமினியமும் சேர்த்தால் அதிலுள்ள இரண்டு குளோரினில் ஒன்று கழன்று, அந்த இடத்தில் புரோமின் வந்து உட்காரும். சிலதில் இரண்டுமே மாறிவிடும், சிலதில் எதுவுமே மாறாது. அந்தக் கலவையைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது என் வேலை. முதலில் மாறாதது வரும். சூடு அறுபத்தெட்டு டிகிரியை நெருங்கும்போது எங்களுக்கு வேண்டியது வரும். அப்போது மேலே ஒரு வால்வை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். அடி வால்வை மட்டும் யாரும் தொடக்கூடாது; திறந்தால் உள்ளே இருப்பது தரையில் கொட்டிவிடும்.

சம்பவத்தன்று காலை சூடு ஏறியதும் நான் வால்வைத் திருகினேன். அதன் பிறகு பார்த்தபோது தரையில் நிறமில்லாமல் ஏதோ பரவிக் கிடந்தது. யாரோ கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, குனிந்து துணியால் துடைத்தேன். தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. துணி கையை இழுக்கும் அளவுக்குக் கனத்தது. நாங்கள் வடிக்கும் திரவம் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு கனம், அதன் ஆவி கீழேயே தேங்கி மூளையை மயக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு மாமா வாசலில் வந்து நின்று, "என்னம்மா வாசனை இது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. "எழுந்திரு, வெளிய போ!" என்று கத்திக்கொண்டே முகமூடி போடாமல் உள்ளே ஓடிவந்தார். அதன் பிறகு நான் வெளியே மண்ணில் கிடந்தேன். நானாக வந்தேனா, அவர் இழுத்துவந்து போட்டாரா என்று தெரியாது. என் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. மாமா உள்ளே கிடந்ததாகவும், அடி வால்வு திறந்திருந்ததாகவும் மற்றவர்கள் சொன்னார்கள்.

மருத்துவமனையில் மாமா அதிகாரிகளிடம், அடி வால்வைத் திறந்தது தானே என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. வராந்தாவில் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கி, "யாருடி திறந்தது? அவரா, நீயா? நான் யார் மேல கோவப்படறதுன்னாவது சொல்லித் தொலை" என்றார். "தெரியலக்கா" என்றேன். "அப்போ அவர் சொன்னதையே நீயும் சொல்லிடு. என்னால ரெண்டு பேரை இழக்க முடியாது" என்றார்.

அப்படி வாக்குமூலம் கொடுக்கத்தான் உங்களிடம் வந்தேன். ஆனால் மாமா வருவதற்கு முன்பே தரை நனைந்திருந்தது. அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அடி வால்வை நான் திறந்ததாக நினைவில்லை. திறக்கவில்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதை அவருக்கு நீங்களே படித்துக்காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. என் நினைவில் உள்ளவரை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)