கேசட் வராத பாட்டுக்காரன்

"கேசட் வராதவனெல்லாம் பாட்டுக்காரனே இல்லையாம்!"

மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினேன். எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடியில் ஆர்மோனியம் வைத்திருந்த பெண்தான் பேசினாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் இருந்தான்.

"யாரு அக்கா அப்படிச் சொன்னது?"

"இன்னிக்கு நாம பாட இருந்த ஹாலோட செக்ரட்டரி. காலையிலயே பூட்டிட்டுப் போயிட்டான். பேரெடுத்தவங்க ஏறுற மேடையாம், நம்ம ஆளுங்க ஏறக் கூடாதாம்."

"அப்போ திரும்பிப் போயிடலாம்க்கா. எனக்கு இதுதான் முதல் மேடை. நாலு பேர் முன்னாடி நாணக்கேடு வேண்டாம்."

"என்ன நாணக்கேடு? நம்ம பாட்டுச் சங்கத்துல மீன் விக்கிற சேட்டன் பாடினாரு, தையக்காரி பாடினா. இன்னிக்கு உன் முறை. நீ கட்டின பாட்டை நீ பாடாம வேற யாரு பாடுவா?"

"மைக்கு கூட இல்லையே."

"மிளகுக் கிடங்குல நீ மூட்டை தூக்கிட்டே பாடினா தெருக்கோடி வரைக்கும் கேக்குது. உனக்கு எதுக்குடா மைக்கு?"

படகு கரை சேர்ந்தது. அவள் ஹால் பக்கம் போகவே இல்லை. படகுத்துறையில் இருந்த சிமெண்டு பெஞ்சிலேயே ஆர்மோனியத்தை வைத்தாள்.

"இங்கேயா? போலீஸ் வந்தா?"

"நின்னு கேட்டுட்டுப் போகட்டும். நீ பாடு."

முதல் வரியில் தடுமாறினான். இரண்டாவது வரியில் குரல் திறந்துகொண்டது. படகுக்கு வந்தவர்கள் ஏறாமல் நின்றார்கள். புறப்பட மணியடிக்க வேண்டிய ஊழியர், மணிக்கயிற்றைப் பிடித்தபடியே பாட்டு முடியும்வரை காத்திருந்தார்.