தெளிவான ஒரே படம்

தூசி இல்லாத லென்ஸை நான் இதுவரை பார்த்ததில்லை. புதுப் பெட்டியைப் பிரித்து எடுத்தாலும் உள்ளே ஒரு துளியாவது ஒட்டிக்கொண்டிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் இது என்னை உறுத்தியது, பிறகு பழகிவிட்டது. ஐயா, என் மேல் நீங்கள் எந்தக் குற்றம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். வேலையில் அலட்சியம் காட்டினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேமரா பழுது பார்ப்பதும் லென்ஸ் துடைப்பதும் என் பிழைப்பு. ஊரில் என்னை லென்ஸ் டாக்டர் என்பார்கள். போர் விமானங்களின் சாகசக் காட்சி நெருங்கிவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. வருடம் முழுவதும் குழந்தையையும் பூனையையும் படம் எடுத்தவர்கள்கூட அந்த ஒரு நாளுக்காக நீள லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் படம் எடுப்பேன். என்னுடையது பழைய கேமரா, ஆனால் கை நல்ல கை. அதைச் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

என் மனைவியின் தம்பி பல் டாக்டர். அவன் நிஜ டாக்டர், நான் பட்டப்பெயர் டாக்டர். இந்த வித்தியாசத்தை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நல்ல பையன். வருடாவருடம் விமானப் படப் போட்டியில் முதல் பரிசு அவனுக்குத்தான். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. ஆனால் போன வருடம் என் மனைவி கூடத்துச் சுவரிலிருந்து எங்கள் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு, அங்கே தம்பியின் விமானத்தை மாட்டினாள். கேட்டதற்கு, “நம்ம மூஞ்சியத்தான் தினமும் பாக்குறோமே” என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த விமானம் என் தட்டைப் பார்த்து வருகிற மாதிரியே இருக்கும். சோறு இறங்காது.

இந்த வருடம் அவன் தன் லென்ஸைத் துடைக்கக் கொடுத்தான். “அத்தான், நீங்க தொட்டாத்தான் எனக்கு நிம்மதி” என்றான். நானும் தொட்டேன்.

இப்போதைய லென்ஸ்களில் ஒரு வசதி உண்டு. கிட்டத்தில் இருப்பதற்கு எவ்வளவு குவிய வேண்டும், தூரத்தில் இருப்பதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகத் திருத்தி வைக்கலாம். கிட்டத்தை நான் தொடவில்லை. தூரத்தை மட்டும் ஒரு மயிரிழை தள்ளி வைத்தேன். கடைக்குள் சோதித்துப் பார்த்தால் எதிரில் நிற்பவரின் புருவ முடியை எண்ணலாம். வானத்தில் போகிற விமானம் மட்டும் தூக்கக் கலக்கத்தில் பார்த்ததுபோல் விழும். கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் அது தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கினால்தான் தெரியும். எதையும் உடைக்கவில்லை, கீறவில்லை. திருத்தத்தைப் பழையபடி வைத்துவிட்டால் லென்ஸ் பழையபடி ஆகிவிடும்.

அவனுக்கு மட்டும் செய்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது. பாரபட்சம் எனக்குப் பிடிக்காது. அதனால் கடைக்கு வந்த எல்லோருக்கும் செய்தேன். பத்திரிகைக்காரர்களும் அதில் அடக்கம்.

அன்று ஓடுபாதை முனையில் இருக்கும் திடலில் எல்லோரும் வரிசையாக நின்றோம். மைத்துனன் எனக்காக நிழலில் இடம் பிடித்து வைத்திருந்தான். நாலு விமானங்கள் ஒட்டினாற்போல் வந்தன. கடைசி விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக எழுந்தது. இறக்கையின் மேல் வெள்ளையாக ஈர மேகம் ஒன்று போர்த்திக்கொண்டு ஒரு நொடியில் கலைந்தது. நான் அந்த நொடியில் அழுத்தினேன். ஒரே தடவைதான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அது திட்டத்தில் இல்லாத திருப்பம் என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து விமானத்தை அது இடிக்காமல் போனது தலை தப்பிய கதைதான். நிகழ்ச்சியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் கடைக்கு வந்தவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருவர் வெக்கையில் காற்று அலையடித்தது என்றார். இன்னொருவர் தனக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றார். பத்திரிகைக்காரர் லென்ஸ் செய்த நிறுவனத்தையே திட்டினார். மைத்துனன் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. “எம்மேலதான் தப்பு அத்தான், அவசரப்பட்டுட்டேன்” என்றான். எல்லோருக்கும் ஆறுதல் சொல்லி, லென்ஸை இன்னொரு முறை துடைத்துத் தருவதாக வாங்கித் திருத்தத்தைப் பழையபடி வைத்துக் கொடுத்தேன். இலவசமாகத்தான்.

என் படம் பத்திரிகையில் வந்தது, முதல் பரிசும் வாங்கியது. மனைவியே ஆணி அடித்துக் கூடத்தில் மாட்டினாள்.

அதன்பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி விமானத்தை ஓட்டியவர் ஒரு இளம் பெண். குறுக்கே ஒரு பருந்து வந்தது, அதனால்தான் தூக்கினேன் என்றார். கூட வந்த மூன்று பேரும் எதையும் பார்க்கவில்லை. விமானத்துக்குள் இருந்த கேமராவோ வெளியே பார்க்காமல், முன்னாலிருந்த மீட்டர்களைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்ததாம். பொதுமக்கள் எடுத்த படங்களை விசாரணைக்குக் கேட்டீர்கள். வந்ததெல்லாம் மங்கல், பருந்தென்ன, யானை வந்திருந்தாலும் தெரியாது. தெளிவாக இருந்தது என் படம் ஒன்றுதான். அதில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பயந்து கையை உதறிவிட்டு இல்லாத பறவையைச் சொல்கிறார் என்று அவரை விமானத்திலிருந்து இறக்கி மேசை வேலைக்கு அனுப்பினார்கள். அசல் படத்தை என்னிடம் கேட்டீர்கள். தவறுதலாக அழிந்துவிட்டது என்று சொன்னேன்.

மூக்குக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி இருந்தது, ஐயா. தூசி என்று நினைத்துக் கணினியில் நீக்கிவிட்டேன். தொழில் பழக்கம். போன தடவை நீங்கள் துருவித் துருவிக் கேட்டிருந்தாலும் இவ்வளவுதான் சொல்லியிருப்பேன். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீக்குவதற்கு முன் பெரிதாக்கிப் பார்த்தேன். தூசிக்கு இறக்கை இருக்காது. வால்கூடத் தெரிந்தது. ஆனால் பாருங்கள், அது இருந்த இடம் படத்தின் அழகைக் கெடுத்தது.

அந்தப் பெண் ஒருநாள் கடைக்கு வந்தார். சாதாரண உடையில் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. சுவரில் நான் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

“நீங்கதானே எடுத்தது?”

“ஆமாம்மா.”

“இங்கதான் வந்துச்சு” என்று ஓரிடத்தில் விரலை வைத்தார். மிகச் சரியான இடம். அசந்துவிட்டேன். அந்த வேகத்தில் போகும்போது இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிற கண் எனக்குக்கூடக் கிடையாது.

“படத்துல ஒண்ணும் இல்லையேம்மா.”

“அதான் எனக்கும் புரியல. இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு, நெஜமாவே பாத்தேனான்னு. தூக்கம் வர்றதில்ல.”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கல்நெஞ்சக்காரன் இல்லை நான். “எதுக்கும் ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்கம்மா” என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். போகும்போது படத்தின் பிரதி ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன், அதையும் வாங்கிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் மேசை வேலையில் ஆபத்தில்லை. பெற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ஒருவகையில் நான் அந்தக் குடும்பத்துக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். போன ஞாயிறு மதியம் மைத்துனன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கூடத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. இது கம்ப்யூட்டர்ல செஞ்சதுதானே?”

“என்னடா சொல்ற?”

“இல்ல, அன்னைக்கு ஊர்ல ஒருத்தருக்கும் தெளிவா விழல. உங்க பழைய கேமராவுல மட்டும் எப்படி விழும்? இப்பல்லாம் சொன்னா அதுவே வரைஞ்சு குடுத்துடுதே. என்கிட்ட சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “எனக்கும் மொதல்லேருந்தே தோணிச்சுங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல” என்றாள். மறுநாள் காலையில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

ஐயா, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவர் உழைத்துச் செய்த காரியத்தைச் செய்யவே இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம். கண்ணால் பார்த்துக் கையால் அழுத்தியவன் நான். நிரூபிக்க வழியில்லாமல் நிற்பது எப்படிப்பட்ட வேதனை என்று பட்டவர்களுக்குத்தான் புரியும். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு கொடுமை நடந்திருக்காது.

அதனால்தான் இன்று கடையைக்கூடத் திறக்காமல் உங்களைத் தேடி வந்தேன். இதோ அந்த மெமரி கார்டு. அழியவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். எந்த நிபுணரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள், ஒரு புள்ளிகூட வரைந்ததில்லை என்பார். பருந்தும் அப்படியே இருக்கிறது. லென்ஸ்களைத் திருத்தி வைத்தது, பருந்தைப் படத்திலிருந்து நீக்கியது, அசல் அழிந்துவிட்டது என்று பொய் சொன்னது, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அந்தப் பெண் மறுபடி பறக்கலாமா கூடாதா என்பதெல்லாம் உங்கள் இலாகா விவகாரம், அதில் நான் தலையிட மாட்டேன். என் மனைவிக்கு மட்டும் ஒரு போன் போட்டு, படம் நிஜம்தான் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.