எல்லா வாத்தியமும் வந்தாச்சு

மணி ஏழு இருக்கும். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. தஞ்சோங் பகாரில் துறைமுகச் சுவரை ஒட்டி ஒரு ரோடு போகிறது, தெரியுமா... பகலில் லாரி நெரியும். வேலை முடிந்து சங்கு ஊதிவிட்டால் ஒரு நாய்கூட நடக்காது. அந்த ரோட்டில் ஒரு டிரைஷா, சைக்கிள் ரிக்‌ஷா, போகிறது. கொஞ்சம் தள்ளிப் பின்னால் இன்னொரு டிரைஷா. முன் வண்டியில் ஒரு மனிதர், மடியில் ஆர்மோனியப் பெட்டி. பின் வண்டியில் என் சிநேகிதன் கோவிந்தசாமி. முன்னால் போகிறவரோடு அவன் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் விடாமல் பின்னாலேயே போகிறான்.

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள், சாரல் அடிக்கிறது. மழை விட்டால்தான் யாரும் வீட்டுக்குப் போக முடியும். மேலே நம் பாட்டு மன்றத்தில் கரண்டும் போய்விட்டது. கடை வாசலில் இப்படி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வேறு எதைப் பேசுவது... அஸ்மத், சிரிக்காதே. நீதான் கேட்டாய், கீழே இறங்கும்போது ஒவ்வொருவர் பெயராக ஏன் கூப்பிடுகிறேன் என்று. நாங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா என்று வேறு கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கதை. எனக்கு நடந்ததில்லை. கோவிந்தசாமியின் தங்கைக்கு நடந்தது. அவன் கண்ணால் பார்த்ததை என்னிடம் சொன்னான். கப்பலில் மூட்டை எண்ணுகிறவன் அவன். கற்பனை எல்லாம் அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

தங்கை பேர் லீலா. அவள் புருஷன்தான் முன் வண்டியில் போன அழகப்பன்.

இந்த மன்றம் எப்போதும் டன்லப் ஸ்திரீட்டில் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. பக்கத்தில் ரப்பர் கிடங்கு. சனிக்கிழமை சாயங்காலமானால் ஆர்மோனியம், தபலா, பிடில், புல்புல் தாரா என்று ஒரு கூட்டம் சேரும். கிரேன் ஓட்டுகிறவர், ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, கடைக்காரர் எல்லோரும் உண்டு. பாடுவதற்கு லீலா. மன்றத்தில் ஒரே பெண் குரல். அதற்காக அக்கம்பக்கத்தில் நாலு விதமாகப் பேசினார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம். பாட ஆரம்பிக்கும் முன்பு விரல் மோதிரத்தால் மரத்தைத் தட்டுவாள். டிக்... டிக். சுருதி கொடு என்று அர்த்தம். வாய் திறந்து கேட்க மாட்டாள். அழகப்பன் உடனே கொடுப்பார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த நாளில்கூட அந்த டிக் டிக் கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிடுமாம்.

மன்றத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சாக்கடைக்குள்ளும் சவப்பெட்டிக் கடையிலும் ஒளித்துவைத்து, ஒரு வாத்தியத்தைக்கூட இழக்காமல் காப்பாற்றியவர்கள் இவர்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை. சரி, பெருமைப்பட வேண்டியதுதான். அப்போதிருந்தே பேச்சு... ஏதாவது ஆபத்து என்றால் அவரவர் வாத்தியத்தை அவரவர் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்ததும் தபலாக்காரர் நெய்னா முகம்மது வாத்தியங்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தாறில் ஒரு சனிக்கிழமை. லீலா ஒரு பாட்டு முடித்து, அடுத்த பாட்டுக்குச் சுருதி கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அந்த வாடை. ரப்பர் தீய்ந்தால் ஒரு வாடை வரும், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. கிடங்கில் தீ. பலகைச் சுவர் வழியாகப் புகை மாடிக்கு வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. இருட்டில் தடவித் தடவி அவரவர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

பாடுகிறவளுக்குத் தூக்கிக்கொண்டு ஓட என்ன இருக்கிறது... ஒன்றும் இல்லை.

அழகப்பன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் ஒரு கை அவர் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. லீலா நன்றாகப் பிடித்துக்கொண்டாள் என்று நிம்மதியாகப் படியிறங்கினார். கீழே சந்தில் புகை மூட்டம். நெய்னா இருமிக்கொண்டே கூப்பிட்டார். ஆர்மோனியம்... இருக்கு. பிடில்... இருக்கு. புல்புல் தாரா... இருக்கு. தபலா என் கையில. "எல்லா வாத்தியமும் வந்தாச்சு," என்று சத்தமாகச் சொன்னார். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அழகப்பன் திரும்பி, "லீலா, உனக்கு ஒன்னும் ஆகலையே," என்றார்.

சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பிடில்காரர்.

அதற்குள் மாடிப்படியில் தீ ஏறிவிட்டது. நாலு பேர் சேர்ந்து அழகப்பனைப் பிடித்து வைத்தார்கள்.

அப்புறம் மன்றம் ஏது. யாரும் யார் முகத்திலும் விழிக்கவில்லை. கோவிந்தசாமி அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தான். மறுநாள் தங்கையைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவன், அழகப்பனைப் பார்த்து, "பொட்டிய பத்திரமா எறக்கிட்டியா மாப்ள," என்று மட்டும் கேட்டான். அதுதான் கடைசிப் பேச்சு. கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். என் தங்கையாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன்.

எரிந்த கட்டடம் இடிக்காமல் அப்படியே நின்றது. மேல் கூரை இல்லை, படிக்கட்டும் மாடித் தரையில் பாதியும் மட்டும் கருகிப்போய் நின்றன. இருட்டுகிற நேரத்தில் அந்தச் சந்து வழியாக வருகிறவர்கள் சொல்வார்கள்... மேலே யாரோ மரத்தைத் தட்டுகிறார்கள் என்று. இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி இரண்டு தட்டு. எலி என்றார்கள். ஆந்தை என்றார்கள்.

ஆறு வருஷம் கழித்து நெய்னா முகம்மதுதான் அலைந்து திரிந்து இந்த இடத்தைப் பிடித்தார். இதோ, கீழே மசாலா அரைக்கிற கடை, மேலே மன்றம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தார். அழகப்பன் காலில் விழாத குறை. கோவிந்தசாமியிடமும் வந்து, "நீ வந்து பாட்டு கேக்க வேணாம், சும்மா ஓரமா ஒக்காரு, போதும்," என்று கெஞ்சினார். வயதான மனிதர் கெஞ்சும்போது என்ன செய்வது... போனான். அவன் கூப்பிட்டுத்தான் நானும் முதன்முதலாக இங்கே வந்தேன்.

திறப்பு விழா சாயங்காலம். வாழைமரம், மாலை, ஒரு பிரமுகர். அவர் பேசிய பேச்சில் இரண்டு கச்சேரி நடத்தியிருக்கலாம். ஒரு வழியாக அவர் உட்கார்ந்தார். பாடுவதற்குப் புதுப் பெண் ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள். அழகப்பன் ஆறு வருஷமாகத் திறக்காத பெட்டியைத் திறந்து காற்றுப் பிடித்தார்.

டிக்... டிக்.

நானும்தான் கேட்டேன். புதுப் பெண் கை மடியில் இருந்தது. அழகப்பன் கை கட்டையில் இருந்தது. கீழேயிருந்து வந்துகொண்டிருந்த மிளகாய் நெடி நின்றுபோய்... ரப்பர் தீய்ந்த வாடை. பிரமுகர்கூடக் கைக்குட்டையை எடுத்தார்.

அழகப்பன் நெய்னாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "பாய், சுருதி கேக்குறா. நான் இங்க வந்து ஒக்காந்துட்டேன். அவ இன்னும் அங்கதானே ஒக்காந்திருக்கா."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த கோவிந்தசாமி பல்லைக் கடித்தான். "மறுபடியும் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுறான் பாரு," என்று சொல்லிக்கொண்டே அவனும் எழுந்து போனான். சட்டையைப் பிடித்து உலுக்கி, ஆறு வருஷத்துக் கோபத்தையும் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்றுதான் போனானாம்.

இப்போது அந்த ரோட்டுக்கு வந்துவிட்டோம். மணி ஏழு. இரண்டு டிரைஷா.

சந்து முனையில் அழகப்பன் இறங்கினார். வண்டியை நிற்கச் சொல்லிவிட்டு, பெட்டியோடு அந்தக் கருகின படியில் ஏறினார். கோவிந்தசாமியின் வண்டிக்காரன் அதற்கு மேல் வர மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டான். கோவிந்தசாமி கீழேயே நின்றான். உலுக்க வந்தவன் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டான்.

மேலே... டிக், டிக்.

ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. நீளமாக, அறுபடாமல். அதன் மேல் ஒரு குரல் ஏறியது. கோவிந்தசாமிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் கூடப் பிறந்தவள் குரல் தெரியாமல் போகுமா... சின்ன வயதில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவாளாம், சத்தம் போடாதே என்று இவன் தலையில் குட்டுவானாம். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். பாட்டு முழுசாக முடிந்தது. சுருதி நின்றது.

படியில் காலடிச் சத்தம். ஒரு ஆளுடையதுதான். ஆனால் கனம். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி.

அழகப்பன் வந்தார். கையில் பெட்டி இல்லை. இரண்டு கையையும் முன்னால் மடக்கி நீட்டியிருந்தார், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. கையில் ஒன்றுமே இல்லை. ஆனால் முழங்கை மடிப்பில் சட்டைத் துணி கீழே அழுந்தியிருந்ததைக் கோவிந்தசாமி பார்த்தான்.

"கொஞ்சம் ஒதுங்குங்க மச்சான்," என்றார். "வாசல் குறுகல். தலை இடிச்சுடும்."

கோவிந்தசாமி ஒதுங்கினான். அவர் தாண்டிப் போகும்போது அந்த வாடை முகத்தில் அடித்தது. அதற்கு உள்ளே, லேசாக, முகப் பவுடர் வாசம். லீலா எப்போதும் அளவுக்கு மேல் பூசுவாள்.

இரண்டு பேரும் ஒரே டிரைஷாவில் திரும்பினார்கள். கோவிந்தசாமி ஓரத்தோடு ஓரமாக ஒட்டி உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டான். மேடான இடத்தில் சீன வண்டிக்காரன் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான்.

இங்கே வந்தபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். நெய்னாவும் நானும்தான் இருந்தோம். அழகப்பன் பாடுகிறவர் உட்காரும் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து, கையை மெதுவாக விரித்தார். "ஒக்காரும்மா," என்றார். நெய்னா தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அழுதார்.

கிளம்பும்போது நெய்னா வாத்தியங்களைக் கூப்பிடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டார். கோவிந்தசாமி... இருக்கேன். அழகப்பன்... இருக்கேன். என் பெயர். கடைசியில் கொஞ்சம் தயங்கி, "லீலா," என்றார்.

படிக்கட்டுக் கைப்பிடியில்... டிக், டிக். அதற்குப் பிறகுதான் கதவைப் பூட்டினார்.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துவரலாம் என்று கோவிந்தசாமி தஞ்சோங் பகாருக்குப் போனான். நல்ல வெயில். மாடி மூலையில், லீலா உட்காரும் இடத்தில், பெட்டி இருந்தது. முழுக்கக் கரி. கட்டைகள் வெந்து, ரீடு எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டு... ஆறு வருஷத்துக்கு முன்பே எரிந்துபோனது மாதிரி. தொட்டதும் உதிர்ந்துவிட்டது.

அழகப்பன் அதற்குப் பிறகு வாசிக்கவே இல்லை. சனிக்கிழமை தவறாமல் வந்து அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது கோவிந்தசாமி அவரோடு கூடவே நடந்து போவான், மாப்ள மாப்ள என்று என்னவாவது பேசிக்கொண்டு. போன வருஷம் அழகப்பன் தவறிப்போனார். நெய்னாவும் ஊருக்குத் திரும்பிவிட்டார். சாவி என்னிடம் வந்தது. கொடுக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான். பேர் கூப்பிடாமல் பூட்டாதே.

அதனால்தான் கூப்பிடுகிறேன். கடைசியில் நான் ஏதோ முணுமுணுப்பதை மந்திரம் என்று நினைத்திருப்பீர்கள். மந்திரம் இல்லை. அவள் பெயர். அழகப்பன் போன பிறகும் ஒரு சனிக்கிழமைகூடத் தட்டாமல் இருந்ததில்லை. தட்டியதும் பூட்டிவிடுவேன். யாரையும் உள்ளே விட்டுவிட்டுப் பூட்டக் கூடாது இல்லையா.

"அண்ணே, போதும்லா, பயமா இருக்கு," என்கிறான் அஸ்மத். பயப்பட ஒன்றும் இல்லை, தம்பி. பாவம் அவள்.

மழை விட்டுவிட்டது பாருங்கள். எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். ஆர்மோனியம் இருக்கிறது, தபலா இருக்கிறது, பிடில் உறைக்குள் இருக்கிறது. கரண்டு போன இருட்டிலும் அவரவர் வாத்தியத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டீர்கள்.

ஆனால் சாவி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நான் பூட்டவில்லை. அஸ்மத், இறங்கும்போது பேர் கூப்பிட்டதில் நீதான் கடைசியாகப் பதில் சொன்னாய். அதற்குப் பிறகு நான் அவள் பெயரைச் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன். உனக்கு ஏதாவது சத்தம் கேட்டதா...

எனக்கும் கேட்கவில்லை. மேலே இருட்டாக இருக்கிறது, இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். டார்ச் லைட் என்னிடம் இருக்கிறது. கூட யார் வருகிறீர்கள்?