பொத்தான் போட்ட சட்டையும் ஒரு வினைச்சொல்லும்

என் பேச்சு தொடங்கும் முன்பே மணியில் கை வைத்துவிட்ட அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் நம் ஆலை மருத்துவர் அவர்களே! இயந்திரங்களோடு மல்லுக்கட்டி இளமையைக் கரைத்த மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் முடிந்தால்தான் தேநீர் என்று தெரிந்தும் எழுந்து போகாத என் அருமைத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

அலுவலக அறையில் புழங்கும் ஆங்கிலச் சொல்லொன்றைக் கையில் கொடுத்து, அதற்குத் தமிழ் சொல்லச் சொல்வது நம் தொழிலாளர் மன்றச் சொல்லரங்கின் வழக்கம். எனக்கு முன் பேசிய கிடங்குக்காரருக்கு ‘ப்ரமோட்’ கிடைத்தது. உயர்த்து என்றார், ஏற்று என்றார், இதுவரை தன்னை யாரும் ஏற்றவில்லை என்று சொல்லி இறங்கிப் போனார். எனக்குக் கிடைத்தது ‘அசெஸ்’.

மதிப்பிடு என்பீர்கள். அவ்வளவுதானா? தமிழுக்கா பஞ்சம்? தராசு பிடித்தவனுக்கு அது எடைபோடு. தையற்காரனுக்கு அள. தங்கம் வாங்குபவனுக்கு உரைத்துப் பார். கிடங்கிலே தரம் பிரி. நீதிமன்றத்திலே சீர்தூக்கு. புதுச் சம்பந்தி வீட்டார் கண்ணிலே... தாய்மார்கள் சிரிப்பது கேட்கிறது... ஏற இறங்கப் பார்! கணி, ஆராய், ஆழம் பார், நாடி பிடி, நோட்டம் விடு. சொல்லுக்குக் குறைவில்லை தோழர்களே. சொல்லுக்குள் அகப்பட்ட மனிதனுக்குத்தான் குறை.

அப்படி அகப்பட்டவர் ஒருவரைச் சொல்கிறேன். என் அக்காவின் கணவர், என் மாமா. உங்களுக்கு அவர் ‘கணீர்’. தகடு வெட்டும் பிரஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே கேட்ட ஒரே குரல் அவருடையது. போன கோடையில் அந்த பிரஸ் அவருடைய வலது கையைக் கவ்வியது. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன, பார்த்தால் பழுது தெரியாது. ஆனால் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால் நழுவிவிடும். கை இருக்கிறது, பிடி இல்லை.

அவருக்குக் கருவி அறையில் இலகுவான வேலை தரலாமா, பழையபடி பிரஸ்ஸுக்கே அனுப்பலாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவரைப் பார்க்கப் போன காலையில் அக்கா மாமாவுக்கு முகம் மழித்துவிட்டாள். தலை வாரிவிட்டாள். இருப்பதில் நல்ல சட்டையைத் தேய்த்து மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள். “டாக்டரைப் பாக்கப் போறோம், பிச்சைக்காரன் மாதிரியா போறது?” என்றாள். துணைக்கு நானும் போனேன்.

“வாங்க, எப்படி இருக்கீங்க?” என்றார் மருத்துவர்.

“நல்லா இருக்கேங்க சார். நீங்க நல்லா இருக்கீங்களா?”

“வலி இருக்கா?”

“பரவாயில்லைங்க.”

“வேலை பார்க்க முடியுமா?”

“சொன்னா பாக்கிறேங்க சார்.”

மருத்துவரின் பார்வை சட்டையில் நின்றது. “பட்டனெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்களே” என்றார். மாமா ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நான் “சார், அந்தப் பட்டன்...” என்று வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் என் காலில் ஒரு மிதி விழுந்தது. மிதித்த ஷூவுக்கும் கயிறு கட்டிவிட்டவள் அக்காதான் தோழர்களே.

தீர்ப்பு வந்தது: ‘தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். வழக்கமான பணிக்குத் தகுதியானவர்.’

மருத்துவர் அவர்களே, நீங்கள் பொய் எழுதவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதினீர்கள். ஆனால் நம் ஆட்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பாடையில் கிடப்பவனும் “உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்” என்பானே! அது பதிலா? அது வணக்கம் ஐயா. வணக்கத்தை வாக்குமூலமாக எழுதிக்கொண்டீர்கள்.

தலைவர் மணியடிக்கிறார். தலைப்பை விட்டு வெளியே போகிறேனாம். இல்லை தலைவரே, தலைப்பின் நடுவீட்டில்தான் நிற்கிறேன்.

மாமா மறுபடி பிரஸ்ஸுக்குப் போனார். இடப்பக்கம் நின்றவரும் வலப்பக்கம் நின்றவரும் அவர் தகட்டையும் சேர்த்துத் தூக்கினார்கள். எத்தனை நாளைக்குத் தூக்குவார்கள்? மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். அவரும் மதிப்பிட்டார். சோம்பேறி என்றார். தகுதியுள்ள கை தகடு தூக்கவில்லை என்றால் வேறென்ன சொல்வார்? பணிநீக்கம் என்று மிரட்டிய பிறகு மன்றம் போராடி ஒரு மறு மதிப்பீடு வாங்கியது. அது வரும் திங்கட்கிழமை. அதே அறை, அதே மருத்துவர். இந்த முறையும் தகுதியென்று எழுதப்பட்டால் அவருக்கு வேலையும் இல்லை, வேறு கதியும் இல்லை.

நேற்று அக்கா சொன்னாள்: “இந்தத் தடவை நான் பட்டன் போட்டுவிட மாட்டேன். தொறந்த சட்டையோட வாங்க. அப்பதான் நம்புவாங்க.”

கணீர் என்று பெயர் வாங்கிய மனிதர் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: “உள்ள போற வரைக்குமாவது போட்டுவிடு. வாசல்ல நம்ம ஆளுங்க நிப்பாங்க.”

கேட்டீர்களா? மானமாக உடுத்திப் போனால் அவன் நலமானவன். மானத்தை அவிழ்த்துக் காட்டினால்தான் அவன் நோயாளி. இதுவா எடை? இதுவா அளவு? இதுவா சீர்தூக்கல்? வலியை மறைத்து வாழ்ந்தவனுக்கு வலியே இல்லை என்று எழுதுவதற்குப் படிப்பு எதற்கு, பட்டம் எதற்கு, பார்வை எதற்கு? எனக்கு ஆத்திரம் வருகிறது. அடக்கிக்கொண்டு பேச எனக்குத் தெரியவில்லை.

இதைச் சபையில் சொன்னதற்கு மாமா என்னோடு பேசமாட்டார். தெரிந்தேதான் சொன்னேன். “அவரு வாயால சொல்ல மாட்டாரு, நீ மைக்குல சொல்லு” என்று அனுப்பியவள் அக்கா. மாமா அதோ கடைசி வரிசையில் இருக்கிறார். இன்று என் காலை மிதிக்க அவருக்கு எட்டாது.

மருத்துவர் அவர்களே, திங்கட்கிழமை அவரிடம் நலம் கேட்காதீர்கள். ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டுங்கள். நீட்டிவிட்டுப் பாருங்கள்.

தோழர்களே, நான் முடித்ததும் கைதட்ட வேண்டாம். நீங்கள் தட்டினால் அவரும் தட்டப் பார்ப்பார். சபையில் தான் மட்டும் சும்மா இருந்தால் மரியாதைக் குறைவென்று நினைக்கிற ஆள் அவர். வெளியே போகும்போது அவரிடம் “எப்படி இருக்கீங்க” என்றும் கேட்டுவிடாதீர்கள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்.

பொறுத்திருந்து கேட்ட அவைக்கும், மணியை அடித்தும் என்னை நிறுத்தாத தலைவருக்கும் என் நன்றி. வணக்கம்.